புறப்படும் இடம், சேரும் இடம்

ஊர்காவற்றுறை இறங்குதுறையில்
பயணிகள் கொப்பி என்னிடம்தான்.
பெயர். புறப்படும் இடம். சேரும் இடம்.
உப்புக்காற்றில் பேனை அடிக்கடி விக்கும்.

நெடுந்தீவுப் பெடியன் வந்தால்
"குதிரையை எங்கை கட்டினனீ?" என்போம்.
காரைநகரார், தாம்போதி போட்டுத்
தீவைத் தொலைத்த ஆக்கள்.
அனலைதீவாரிடம் மட்டும் நெருப்புப்பெட்டி கேட்போம்.
பெயரில்தான் அனல்.
எந்த மலையும் கக்கிப் போட்டதல்ல அந்த நிலம்;
சிப்பி செத்து, முருகை செத்து,
மெல்ல மெல்லக் கடலுக்கு மேலே வந்தது.

போன வெள்ளி, கடைசி வள்ளத்துக்கு
நிறைமதி என்று ஒருத்தி.
"எங்கையிருந்து?"
"ரொட்டர்டாம்."
எழுதினேன்.
"எங்கை போறியள்?"
"அனலைதீவு."
பேனை நின்றது.

ஒல்லாந்தர் கீறிய பழைய படத்தில்
இந்தத் துறை லெய்டன்,
அனலைதீவு ரொட்டர்டாம்.
வீட்டு நினைப்பில் வெந்த எவனோ ஒரு கப்பல்காரன்
பனைகளுக்கு நடுவே
தன் ஊரைக் குத்திவிட்டுப் போயிருக்கிறான்.

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
"அங்கை எங்கட வீடு ஒன்பதாம் மாடி.
அம்மா அதை அனலைதீவு எண்டுதான் சொல்லுவா.
போன மாசம் வரைக்கும்."

மடியிலிருந்த சின்னப் பையை
மற்றச் சாமான்களோடு வைக்க விடவில்லை.

வள்ளம் திரும்பிய பிறகு
கொப்பியைப் பார்த்தேன்:
இரண்டு கட்டத்திலும் ஒரே ஊர்.
காசு வாங்க மறந்திருந்தேன்.