உலரும் வரை

பஞ்சுக் குச்சிகள் உலர வேண்டும்.
ஹீட்டர் கூடாது, ஊதக் கூடாது,
தானாக, அதன் நேரத்தில்.
அதுவரை இந்த அறையை விட்டு
நான் நகர முடியாது.
என் பார்வையிலிருந்து பெட்டி விலகினால்
நாளை ஒரு வழக்கறிஞர்
அந்த இடைவெளியில் நாற்காலி போட்டு
உட்கார்ந்துவிடுவார்.

வெளியே பனி வாரும் வண்டி
மூன்றாம் முறையாகப் போகிறது.
மடவாஸ்காவிலிருந்து வர வேண்டிய போலீஸ்காரர்
பாதை மூடிக் கிடக்கிறதென்று
இரண்டு தடவை போனில் மன்னிப்புக் கேட்டார்.
விடிகாலை ஐந்து.
என் சாண்ட்விச் லாக்கரில்,
நாற்பதடி தூரத்தில்.

மிரேய் பதினொன்றரைக்கு வந்தாள்.
உருளைக்கிழங்குக் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை,
வயது முப்பத்து நான்கு.
முதலில் பேசியது காரைப் பற்றி:
"ஹெட்லைட்டை அணைத்தேனா தெரியல.
பேட்டரி இறங்கிடும்."
எழுதிக்கொண்டேன், சொன்னது சொன்னபடி,
மேற்கோள் குறிக்குள்.
அழுதாள் என்று எழுதலாம்.
பாவம் என்று எழுதக் கூடாது.

துணிக்குக் காகிதப் பை.
பிளாஸ்டிக்கில் ஈரம் வேர்த்து
சாட்சிக்குப் பூசணம் பிடித்துவிடும்.
பச்சை ஸ்வெட்டர்; அக்கா பின்னியது.
இடது கையில் ஒரு கண்ணி தவறிய இடத்தைக்
காட்டினாள், தொடாமல்.
"திரும்பக் கிடைக்குமா?"
தெரியாது என்றேன்.
கிடைக்கும் என்பது நாக்கு நுனியில் இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் முன்னால் கேட்பேன்:
தொடலாமா? இங்கே? இப்போது?
பதினேழு வருடமாகக் கேட்கிற கேள்வி.
பல் தேய்ப்பது போல் ஆகிவிட்டதோ என்று
நானே பயந்ததுண்டு.

கழுத்தருகே அளவுகோலை வைத்துப்
படமெடுக்கப் போனபோது
"வேண்டாம்" என்றாள்.
சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்,
இதற்கு என்ன விலை என்று.

கேமராவைக் கீழே வைத்தேன்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் உண்டு,
சுண்டுவிரல் நகத்தளவு: மறுத்தார்.
குறியிட்டு அவள் பக்கம் திருப்பினேன்.
அந்த ஒரு சொல்லை
ஒரு பக்கம் படிக்கிற நேரம் படித்தாள்.
வழக்குக்கு அந்தப் படம் தேவைப்படலாம்.
படலாம். இல்லை, அவ்வளவுதான்.
"தண்ணி குடிக்கலாமா?"
வாயில் மாதிரி எடுத்தாயிற்று, குடிக்கலாம்.
இரண்டு கப், மூச்சு விடாமல்.

நன்கொடை அலமாரியில் இரண்டே கால்சட்டைகள்,
இரண்டும் சாம்பல் நிறம்.
இதுவா, அதுவா?
யோசித்துத்தான் எடுத்தாள்.

அக்கா ஒடெட் வந்து கூட்டிப்போய்
ஒரு மணி நேரம் ஆகிறது.
குச்சி நுனிகளில் இன்னும் ஈரத்தின் மங்கல்.
உலர்ந்ததும் சிவப்பு நாடா ஒட்டுவேன்.
என் கையெழுத்து பாதி நாடாவிலும்
பாதி பெட்டியிலுமாக விழ வேண்டும்,
யார் பிரித்தாலும்
முதலில் என் பெயர் கிழியும்படி.

கார் விளக்கைப் பற்றி
அக்காவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.