நிலம் பார்த்த கிழமை

முதலில் வளைந்தது கதவுநிலை.
வீடு பழசு, வின்னிபெக் குளிருக்கு மரம் முறுகும் என்று
தச்சனைக் கூப்பிட இருந்தேன்.
பிறகொரு நாள் இடக்கண்ணை மூடிப் பார்த்தால்
பவளராணிக்கு மூக்கு இல்லை.
மூக்குத்தி இருந்த இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு.
அவளிடம் சொல்லவில்லை.

இருபத்தேழு வருடம்
தபால் பிரிக்கும் ஆலையில் இரவு வேலை.
இயந்திரம் வாசிக்கமாட்டாமல் துப்பிய உறைகள்
என் மேசைக்குத்தான் வரும்.
நடுங்கும் கை எழுதிய விலாசம்,
மழையில் கரைந்த விலாசம்,
எல்லாவற்றுக்கும் ஒரு வாசலைத் தேடிக்கொடுத்த கண்
இப்போது சொல்லின் நடுவெழுத்தைத் தின்கிறது.
கடலைப் பொட்டலம் கலைப் பொட்டலம்.

டாக்டர் ஒலேனா படம் காட்டினார்.
வெட்டிய மண்போல அடுக்கடுக்காய் விழித்திரை,
நடுவில் பள்ளம்.
"மூடலாம். பத்தில் ஒன்பது மூடிவிடும்.
மூடினபிறகு எவ்வளவு தெரியும் என்று
என்னால் சொல்லமுடியாது."
அந்த நேர்மை எனக்குப் பிடிக்கவில்லை.

கல்கரியிலிருந்து வாகீசன்: செய்யுங்கோ அப்பா.
நாகமணி அண்ணர்: எழுபதுக்குப் பிறகு கத்தி வைக்காதை,
காகத்துக்கும் ஒரு கண்தானே.
பவளராணி ஒன்றும் சொல்லாமல்
சுட்ட கத்தரிக்காயை மசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம்.
குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய கட்டத்தாளைக்
காலைதோறும் ஒற்றைக் கண்ணால் சோதித்தேன்,
கோடுகள் தாமாய் மனம் திருந்தியிருக்கும் என்று.
பிறகு ஒரு செவ்வாய், தொலைபேசியில் ஒரு பெண்.
யாரோ வரவில்லையாம்,
வியாழன் காலை இடம் இருக்கிறது, வேண்டுமா?
"ஓம்" என்றேன்.
தமிழில் சொன்னது
வைத்த பிறகுதான் உறைத்தது.
அவளுக்கு விளங்கிவிட்டது.

கண்ணுக்குள் சவ்வை உரித்தார்கள்.
நான் விழித்திருந்தேன்.
கறுப்பாய் ஏதோ நீந்தியது, யாரோ வானொலி வைத்திருந்தார்கள்.
கடைசியில் காற்றை அடைத்து
மணிக்கட்டில் பச்சை வளையம் மாட்டினார்கள்.
விமானம் ஏறாதே. மலை ஏறாதே.
மனிட்டோபாவில் மலை!
சிரித்தேன். சிரித்தால் குத்தியது.

ஏழு நாள் முகம் நிலம் பார்க்கவேண்டும்,
குமிழி மிதந்துபோய்ப் பள்ளத்தை அமத்தவேண்டுமாம்.
வாடகைக் கதிரையில் குப்புறச் சாய்ந்து
உறிஞ்சு குழாயில் ரசம் குடித்தேன்.
"புதுப்பொம்பிளை மாதிரி இருக்கிறியள்" என்றாள்.

மீதிக் கண்ணுக்குக் கிடைத்தது
கம்பளமும் கால்களும்.
நாகமணி அண்ணரின் பொத்தல் மேசோடு,
மருந்து விட வந்த தாதியின் சப்பாத்தில்
உருகும் பனி.
நாலாம் நாள் பிற்பகல்
குசினியிலிருந்து வரும் பவளராணியின் கால்கள்.
இடது வரும்.
வலது கொஞ்சம் யோசிக்கும்,
சுவரைத் தொட்டிருப்பாள் போல, பிறகு வரும்.
செருப்பின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது.

"எப்ப இருந்து?"
"போன பங்குனி. முழங்கால்."
"ஏன் சொல்லேல்லை?"
"என்ர மூக்குத் தெரியேல்லை எண்டு
நீங்கள் சொன்னனீங்களோ?
ஒற்றைக் கண்ணை மூடி மூடி
என்ர முகத்தில தேடினதைப் பார்த்தனான்."

நிலத்துக்குத்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது.
சொல்லவில்லை.
அவளும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்,
இடது, பிறகு வலது.

நிமிர்ந்தபோது கண்ணுக்குள் ஒரு குளம்.
தலையாட்டினால் ஆடும்.
ஒவ்வொரு நாளும் மட்டம் இறங்கியது,
மேலே முதலில் கூரை, பிறகு ஜன்னல், பிறகு ஆட்கள்.
ஒரு விடியலில் அடியில் ஒரு மணி உருண்டது,
மத்தியானம் அதுவும் இல்லை.
வளையத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினாள்.

கதவுநிலை இன்னும் சிறிது வளைவுதான்.
கடலைக்கு 'ட' வந்திருக்கிறது, சாய்ந்தபடி.

நேற்று அவள் முழங்காலுக்குத் திகதி குறித்து
உறை ஒன்று வந்தது.
இடக்கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன்.
அவள் பெயரில் ஓர் எழுத்துப் பிசகு.
என் கண்தானோ என்று திரும்ப வாசித்தேன்,
பேசாமல் அவளிடம் நீட்டினேன்.

"பிழையாத்தான் அடிச்சிருக்கிறாங்கள்" என்றாள்.