இதர

வியாழக்கிழமை குழு வருகிறது.
அதற்குள் நிரப்ப வேண்டிய தாள் என் கையில்:
ஐந்து ஆண்டில் முனைவர் பட்டம் முடித்தவர் பதினொரு பேர்,
பெயருக்கு எதிரே மூன்று கட்டம்.
பணி. மேற்படிப்பு. இதர.
'இதரல யாரையும் போட்றாதம்மா'
என்றுவிட்டுத் துறைத்தலைவர் காரைக் கிளப்பினார்.
வாய்மொழித் தேர்வு முடிந்து
மாலை காய்ந்து ஒன்பது நாளான எனக்கு
வேறு வேலை இல்லையென்று அவருக்குத் தெரியும்.

விலங்கியல் துறை மாடியில்
சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி நிழலில் மட்டும்.
எதிரே நாகமலை
வாலைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது.

மொக்கராசு முதல் மணியிலேயே எடுத்தான்.
காலையில் திருமங்கலம், மதியத்துக்கு மேல் உசிலம்பட்டி,
இரண்டிலும் மணிக்கணக்குச் சம்பளம்,
மே மாதம் இரண்டிலும் கிடையாது.
'எந்தக் காலேஜைப் போட?'
'நடுவுல ஒரு பஸ்ஸு போகுதுல்ல, அதைப் போடு.
அதுலதான் அதிக நேரம் இருக்கேன்.'

நூர்நிஷா சுவீடனில்.
துறை வாசல் பலகையில் அவள் பெயர் மட்டும்
மஞ்சள் பெயின்டில் இருக்கிறது.
அங்கே எட்டரைக்குத்தான் விடியுமாம்,
விளக்குப் போட்டுக்கொண்டு பேசினாள்.
ஒப்பந்தம் மார்ச்சோடு சரி.
கொஞ்ச நேரம் ஹீட்டர் சத்தம் கேட்டது,
பிறகு, பைய:
'மொக்கராசு காலேஜ்ல எதுவும் எடம் இருக்கான்னு
கேட்டுச் சொல்றியாடி?'

ஒச்சப்பன் நான்காம் முறை எழுதிய குரூப் ஃபோரில் வந்து
மேலூர் தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர்.
மேஜைப் பெயரில் முனைவர் போடவில்லை.
'போட்டா தாசில்தாரு என்னைய சார்ங்குறாரு.
அப்புறம் ஃபைலை யாருகிட்டத் தூக்கிப் போடுவாரு?'

இரண்டு எண்கள் உபயோகத்தில் இல்லை.
ரத்தினமாலாவின் போனை அவள் கணவர் எடுத்தார்.
'வீட்லதான்' என்றார்.
பின்னால் அவள் யாரோ ஒரு பிள்ளைக்கு
ஒளிச்சேர்க்கையைச் சமன்பாட்டோடு
கத்திச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

காளவாசலில் வண்ணமீன் கடை, ஜெயக்கொடி.
'சுயதொழில்னு எழுதவா?'
'ஆராய்ச்சின்னே எழுது. நேத்து ஒரு கோல்டுஃபிஷ் செத்துச்சு,
சும்மா தூக்கிப் போட மனசு வரல,
பிளேடால கீறிப் பார்த்தேன்.
செவுள்ல ஒம் புழு!'
என் புழு.
மூன்று இதழ்கள் திருப்பியனுப்பிய என் புழு.
கட்டத்தில் என்ன எழுதினேன் என்று சொல்லமாட்டேன்.

கடைசி வரிசை, தவச்செல்வி, நான்.

போன மாதம் ஒரு நேர்காணல்.
ஆய்வேட்டைப் பிரிக்கக்கூட இல்லை.
வாசல்வரை கூட வந்த ஒருவர் குரலைத் தாழ்த்தி
'முப்பது ரெடியா இருக்காம்மா?' என்றார்.
பக்கத்தைக் கேட்கிறார் என நினைத்து
'இருநூத்திப் பன்னெண்டு சார்' என்றேன்.

வடபழஞ்சிக் கண்மாய் வற்றும்போது
நத்தை சேற்றுக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்ளும்.
எத்தனை நாள் தாங்கும் என்பது என் நான்காம் இயல்.
பதினோரு மாதம்வரை உயிரோடு இருந்தன.
அதற்கு மேல் பார்க்கவில்லை,
உதவித்தொகை நின்றுவிட்டது.

ஐந்தரைக்கு எழுத்தர் வேலுத்தாய் தாளை வாங்கி
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.
'ஒன்னு காலியாக் கெடக்கு.'
'அது நான்தான் மேடம்.'
'ரெண்டு நாளா இதைச் செய்றியே,
வவுச்சர்ல கையெழுத்துப் போட்டயா?'
'போட்டேன். எண்ணூறு ரூவா.'
'அப்பப் பணிதான்' என்று
நீலப் பேனாவால் ஒரு டிக்.
சதவீதம் எவ்வளவு ஏறியது என்று
கால்குலேட்டரைத் தட்டியபடியே சொன்னார்:
'ஸ்டேப்ளர் பின் தீந்துபோச்சு,
கீழ கடையில ஒரு டப்பா வாங்கியாந்துரு.'

படியிறங்கும்போது பையில் போன் அதிர்ந்தது.
நூர்நிஷா.
மொக்கராசுவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.