நாலு குடம்

நகராட்சி இளையோர் மன்றம் என்று பேனரில் இருந்தது,
'ளை'யின் மேல் ஓர் ஆணி.
கீழக்கரை உள்தெருப் பிள்ளைகள் பத்துப் பேர்,
கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அப்பால்
புது பிளாட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர்,
ஆறு சனிக்கிழமை. சமோசா உண்டு.

முதல் சனி, வாசலைப் பார்த்து
"காக்கா வந்துட்டாக" என்றாள் ருமைஸா.
எங்கள் வரிசை மொத்தமும் கூரையை அண்ணாந்து பார்த்தது.
வந்தது அவள் அண்ணன்,
கையில் அவள் மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடி.
சிரிப்பு அடங்க நேரமானது.
அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
சிரித்த ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்தாள்.
சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தது அவள் பெயர்.

வேலை இதுதான்:
உன் ஜோடியின் வீட்டுக்குப் போகும் வழியை
போய்ப் பார்க்காமல் வரை.

நான் பேருந்து நிலையம் வரைந்தேன், ஜெட்டி வரைந்தேன்,
நடுவில் நீள நீளமாய்க் கறுப்புக் கோடுகள்.
அவள் வரைந்தது தார்ச்சாலை, கருவேலங்காடு,
மஞ்சள் அடித்த எல்லைக்கல் நாற்பது.
"வீடு எங்கே?"
"அங்க வீடு இருக்கா?"
கேலி இல்லை, கேள்விதான்.
"நீயும் எங்க தெருவுக்குக் கதவே வைக்கலியே ரெக்ஸி."

மூன்றாம் சனி அவள் வந்தாள்.
விளக்கில்லாத கம்பங்களை எண்ணினாள், பதினொன்று.
காற்று அவள் முக்காட்டை இழுத்து இழுத்துப் பார்த்தது.
"இங்க யாரு சண்ட போட்டாலும் கேக்காதுல்ல" என்றாள்,
பொறாமையா பயமா தெரியவில்லை.
பக்கச் சுவரோரம் நின்றது எங்கள் லோடு ஆட்டோ.
அதன் மேல் தார்ப்பாய்.
காலையிலேயே இழுத்து மூடியது நான்தான்.

நான்காம் சனி, அவள் சந்து.
எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் தோள் திருப்ப வேண்டும்.
ஒரு வீட்டில் தாளித்தால் எதிர்வீடு தும்மும்.
எல்லா முற்றத்திலும் கிணறு உண்டு,
வாயில் வைத்தால் கடல்.
அடுக்களை வாசலில் எட்டுக் குடம்,
சுவரில் ஐந்தைந்தாய்க் கரிக்கோடுகள்.
"தண்ணிக் கணக்கு" என்றார் அவள் உம்மா.
"தண்ணி தெனமும் ஆறரைக்கு வந்துரும்.
ஞாயித்துக்கிழம மட்டும் பூசை முடிஞ்சு லேட்டா வரும்."

வரும்.
அஃறிணையில்தான் சொன்னார், வெகு இயல்பாக.
பதினான்கு வருடமாக ஒரு மனிதர்
அந்தச் சந்து முனையில் ஹாரன் அடிக்கிறார்,
குறில் இரண்டு, நெடில் ஒன்று.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
தோளில் ஏற்றி, ஒருக்களித்து ஒருக்களித்து நுழைகிறார்.
எங்கள் சோறு, என் ஜாமெட்ரி பாக்ஸ், அந்தத் தார்ப்பாய்கூட
இந்தச் சுவரில் கரியாய் இருந்தது.

"அவருக்குப் பேர் இருக்கு" என்றேன்.
கத்திவிட்டேன் போல,
எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.
உம்மா ஒன்றும் கேட்கவில்லை.
ருமைஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், வெகுநேரம்.
"அன்னிக்கு உங்க தார்ப்பாய்க்குக் கீழ
சொட்டிக்கிட்டே இருந்துச்சு.
நான் ஒண்ணும் கேக்கல."

திட்டம் முடிந்தது.
எங்கள் ஜோடிக்கு மூன்றாம் பரிசு, எவர்சில்வர் டம்ளர்.
சேர்ந்து வரைந்த படம்
வீட்டுவரி கவுண்டருக்குப் பின்னால் தொங்குகிறது,
பாதியை பீரோ மறைத்துக்கொண்டு.
மறைந்த பாதி என்னுடையது.

நேற்று அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:
"மூணாவது வீட்டுப் புள்ள இன்னிக்கு ஜன்னல்ல நின்னு
'செபஸ்தியான் காக்கா, நாலு குடம்'னு கூப்பிட்டுச்சு.
எம்பேரு அதுக்கு எப்பிடித் தெரியும்?
பேரு கெடக்கட்டும், காக்கான்னு ஏன் வையிது?"

வீட்டுப்பாடத்திலிருந்து தலை தூக்காமல்
"வையலப்பா" என்றேன்.