இதர செலவுகள்

விண்ணப்பத்தின் ஆறாம் பக்கம் கேட்டது:
பயனடைவோர் எத்தனை பேர்?
எண்ணால் மட்டும் எழுதவும்.
இருபத்து நான்கு என்று தட்டினேன்.
சோஹாரில் ஜூன் மாத இரவு.
ஜன்னல் கண்ணாடிக்கு
வெளிப்பக்கம் வியர்த்துக்கொண்டிருந்தது.

ஏசி சொட்டும் தண்ணீரை
எட்டாம் வகுப்பு பி பிரிவு அளக்கப் போகிறது
என்றதும் துணை முதல்வர் சொன்னார்:
"பக்கத்து ஸ்கூல்ல ரோபோ டான்ஸ் ஆடுது மிஸ்.
நீங்க சொட்டுத் தண்ணிக்குப் பணம் கேக்கறீங்க."

கேட்டது எழுநூற்றைம்பது ரியால்.
வந்தது நானூற்று எண்பது.
நாளெல்லாம் இரும்பை உருக்கி ஊற்றும் கம்பெனி
எங்கள் பட்டியலில்
சால்டரிங் அயர்னை மட்டும் அடித்திருந்தது,
சூடு, குழந்தைகளுக்கு ஆபத்து என்று.
ரவுண்டானா அருகே ஹார்டுவேர் கடையில்
நாலரை ரியாலுக்கு வாங்கினேன்.
கணக்கில் இப்படி எழுதினேன்:
இதர.

சென்சார் மூன்று வாரமாகச் சுங்கத்தில் கிடந்தது.
காத்திருக்கிற ஜாதி இல்லை ஜெபிஷா.
இருமல் மருந்தோடு வரும் குட்டிக் கிண்ணம் இரண்டை
முதுகோடு முதுகு ஒட்டி
சைக்கிள் கம்பியில் சீசா போல நிறுத்தினாள்.
ஒன்று நிறைந்தால் கவிழும்,
மற்றது வாயைக் காட்டும்.
வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த வேளாங்கண்ணி மாதாவின்
முதுகிலிருந்து பெயர்த்த காந்தம் அடியில்.
"மாதா இப்ப செலோடேப்ல நிக்கறாங்க மிஸ்.
அம்மா இன்னும் பாக்கல."

டக்.
பத்து மில்லி.
மிஸ்பாவும் ஹர்ஷவர்தனும்
சிரிஞ்சை வைத்து நாற்பது தடவை சரிபார்த்தார்கள்.
பத்தேதான். சில நேரம் பத்தரை.
அந்த அரைக்காக ஒரு பீரியட் முழுக்கச் சண்டை.

அக்டோபரில் ஒரு நாள்
தொள்ளாயிரத்து அறுபது டக்.
ஒன்பது லிட்டர் அறுநூறு மில்லி, ஒரே ஏசியிலிருந்து.
பள்ளியில் இருபத்திரண்டு ஏசி.
பெருக்கிப் பார்த்த பிள்ளைகள்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பஸ் டிரைவர் கஃபார் பாய் மறுநாளே
இரண்டு கேனோடு வந்து நின்றார்,
கண்ணாடி துடைக்க.

நன்கொடையாளர் வந்த நாளில்
பேனர் கருவியைவிடப் பெரிது.
அதன் இடது மூலையைப் பிடித்திருப்பது ஜெபிஷா.
பேனரில் இருந்த சின்னம்தான்
அவள் அப்பாவின் ஹெல்மெட்டிலும்.
யாரும் சொல்லித் தரவில்லை,
அவளாகவே அதிகாரியிடம் சொன்னாள்:
"எங்கப்பா உங்க கம்பெனிதான் சார். ஃபிட்டர்."
அவர் கைகொடுத்தார்.

பிப்ரவரியில் நாற்பது பேருக்கு முப்பது நாள் நோட்டீஸ்.

ஒரு வியாழக்கிழமை
லேப் கோட்டை மடித்து மேஜையில் வைத்தாள்.
டிசியில் நாகர்கோவில் என்று இருந்தது.
கம்பியில் உப்பு ஏறினால்
எண்ணெய் விடச் சொல்லிவிட்டுப் போனாள்,
தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்றும்.

இன்று மார்ச் கடைசி நாள்.
நிறைவறிக்கை.
தொடங்கிய மாணவர்: 24.
முடித்த மாணவர்: 23.
உடனே ஒரு பெட்டி திறந்து காரணம் கேட்டது.
ஆர்வமின்மை.
உடல்நலக் குறைவு.
வருகைக் குறைவு.
இதர.

நான் தேர்ந்தெடுத்ததும்
பச்சை டிக் விழுந்தது.
புகைப்படம் இணைக்கச் சொன்னது, இணைத்தேன்.

கடைசிக் கேள்வி:
சேகரித்த நீரின் மொத்த அளவு.
லேபுக்குப் போய்த் திரையைத் திறந்தேன்.
நிரலில் எண்ணிக்கை ஏறும் இடத்துக்கு
மாணவர் வைத்த பெயர் ஜெபி.
ஜெபி சமம் ஜெபி கூட்டல் ஒன்று.
மாற்றலாமா மிஸ் என்று ஒருவரும் கேட்டதில்லை.

மார்ச்சில் காற்று உலர்ந்துவிடும்.
ஒரு கிண்ணம் நிறைய
கால் மணி நேரம்கூட ஆகிறது.
எண்ணை எழுதுமுன்
இன்னும் ஒன்று விழட்டும் என்று
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.