பங்கு கேட்காதவர்கள்

பள்ளத்தூர் வீட்டுக்குப் பதினேழு பங்காளிகள்.
அளந்து எழுத
கோர்ட் அனுப்பிய ஆள் நான்.

சாவி நுழையவில்லை.
துவாரத்தில் ஊருணி மண் பூசியிருந்தது குளவி;
உதிர்ந்த விளிம்பில் எட்டிப்பார்த்தால்
மயங்கிய பச்சைப்புழுக்கள்,
அவற்றைத் தின்று வளரும் அதன் பிள்ளை.
"குத்தி எடுங்க" என்றார் சாத்தப்பன்.
பின்வாசல் வழியே போனேன்.

பர்மாத் தேக்கைக் கருவண்டு குடைந்த தூள்
ஆத்தங்குடிப் பூக்கல்மேல்.
சுவர்வெடிப்பில் மெழுகுக் குழாய் நீட்டிக் கொசுத்தேனீ.
ரோஜா இலையை வட்டமாய் நறுக்கிக்
கீல் ஓட்டைக்குள் சுருட்டுகிறது இன்னொன்று.

அடுத்தவள் மண்கூட்டில்,
அவள் இல்லாத நேரம் பார்த்து,
முட்டையிட நுழைகிறது
மரகதப் பச்சை ஒன்று.
இதை மட்டும் சாத்தப்பன்
நெடுநேரம் பார்த்தார்.

அறிக்கையில் எழுதினேன்:
தலைவாசல், பிறர் அனுபவ பாத்தியதையில்.