நாற்பத்தைந்து நிமிடம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை பிடிக்கலாம்:
வெட் லெட்ஜரின் இரண்டாவது ஆல்பம் சரியில்லை.
காசு வந்துவிட்டது அவர்களுக்கு.
டிரம்மைக் கழுவித் துடைத்து
ஆஸ்பத்திரிக் கட்டில்போல் விரித்து வைத்திருக்கிறார்கள்.
முதல் ஆல்பத்தில் கிட்டார் அறுந்த செருப்போடு நடந்தது.
அந்த இழுவைக்காகத்தானே பின்னால் போனோம்.

கசிமிர் ஒத்துக்கொள்ள மாட்டான்.
யூனியன் பிளேசில் காப்புறுதி விற்பவன்,
எதையும் முழுசாக வாசித்துத்தான் கையெழுத்து வைப்பான்.
"பாட்டுக்காரன் பசியோடயே கிடக்கவேணும் எண்டு
உனக்கென்ன ஆசை?"
பதில் இல்லை. பிளேன் ரீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மாரா ஹெல்ஸ்ட்ரம் வேறு.
ஒற்றைக் கிட்டார், சமையலறை, பழைய ரெக்கோடிங் மெஷின்.
மூன்றாவது பாட்டில் ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கும்.
அவள் நிறுத்தவில்லை,
அதன் சுருதிக்கு இறங்கிப் பாடினாள்.
பால் முடிந்தது. கடிதம் வரவில்லை. சொற்கள் அவ்வளவுதான்.
துக்கம் என்று எங்கும் சொல்லமாட்டாள்,
வீட்டுச் சாமான்களை எண்ணிக்கொண்டு போவாள்.

தொண்ணூற்றொன்பதில் வாங்கினேன்,
பம்பலப்பிட்டியில், றிஸ்மியின் கடையில்.
பதிந்து கொடுத்த கசெட்.
ஒரு பக்கம் வெட் லெட்ஜர், மறு பக்கம் மாரா,
அட்டையில் அவள் பெயரில் இரண்டு பிழை.
பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம்.
அவள் பாடியிருந்தது நாற்பத்தேழு.
றிஸ்மிக்கு அது ஒரு கணக்கே இல்லை.

ஆகவே கடைசிப் பாட்டில்
"நான் வராவிட்டால் கதவை" என்று அவள் பாட,
டக்.

அந்த டக்கைப் பத்தொன்பது வருடம் கேட்டேன்.
நூறாம் நம்பர் பஸ்ஸில்.
வெள்ளவத்தைக் கோச்சியில், கடற்பக்க வாசலில் தொங்கியபடி.
அடையாள அட்டையைக் கையில் பிடித்து
செக்பொயின்ற் வரிசையில் ஹெட்போனைக் கழற்றிய பிறகும்
காதுக்குள்.
திறந்து வை என்றிருப்பாளோ.
பூட்டிவிட்டுப் படு என்றிருப்பாளோ.
ஹம்டன் லேன் வாடகை அறையில்
இரவு பதினொன்றுக்கு யாரும் தட்டினால்
என் வாயில் வந்தது அந்த வரிதான்.
ஒரு வசனத்தை இப்படி நடுவில் விட்டுப்போக
எவ்வளவு துணிச்சல் வேண்டும்!
மேதை, என்று கொப்பியில் எழுதினேன், சிவப்புப் பேனையால்.
ஐந்து நட்சத்திரம்.

பிறகு எல்லாம் ஃபோனுக்குள் வந்தது.
தெஹிவளை மேம்பாலத்து நெரிசலில், மழைக்குள்,
முழுப் பாட்டையும் கேட்டேன்.
"நான் வராவிட்டால் கதவை
நீல நிறம் பூசு" என்கிறாள்.
நீல நிறம்.
அதற்குப் பிறகு பிள்ளைகளின் கோரஸ்,
லா லா லா, கைதட்டலோடு.
பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கலாம் போலிருந்தது.

கசிமிருக்கு ஃபோன் எடுத்தேன்.
"தெரியுமோ, அந்தக் கதவுக்குப் பெயின்ற் அடிக்கினம்."
கொஞ்ச நேரம் மழை மட்டும்.
"என்ன பெயின்ற்? கதவை எண்டதோட முடியுதே அந்தப் பாட்டு,"
என்றான், முழுசாக வாசித்துக் கையெழுத்து வைக்கிறவன்.

அவனும் றிஸ்மியிடம்தான்.
அவன் தங்கை ஷெனாலியும்.
சட்டக் கல்லூரிக்குப் போன அந்த இரட்டையர்களும்.
மூலக் கசெட் ஒன்று, பிரதிகள் எத்தனையோ.
காலி வீதி நெடுக, எந்தெந்த மாடி அறைகளிலோ,
ஒரே இடத்தில் டக்.

ஆகவே என் தீர்ப்பு, யாரும் கேட்காவிட்டாலும்:
நாற்பத்தேழு நிமிட ஆல்பத்துக்கு மூன்று நட்சத்திரம்,
அதிலும் ஒன்று ஃபிரிட்ஜுக்கு.
நாற்பத்தைந்து நிமிட ஆல்பத்துக்கு ஐந்தேதான், மாற்றமில்லை.
பாடியது அவள்,
முடித்து வைத்தது றிஸ்மி.

கசிமிர் இதையும் ஒத்துக்கொள்ளவில்லை.
இப்போது அவனுக்கு அந்தக் கோரஸ் பிடித்துப்போய்விட்டது.
ஞாயிறு பூசைக்குப் போகும் வழியெல்லாம்
விசிலடிக்கிறானாம்.